நடுக்கயிற்றில் சிகுசா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஃபுமினோ எழுதுவது. வெயில் இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை, ஆனாலும் காலையில் பூச்சிகளின் குரல் மாறிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லை ஒவ்வொருவராக நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். கப்பலின் எந்திர அறைச் சூட்டில் உங்கள் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

அண்ணி அனுப்பிய வீடியோ பாதியில் நின்றுவிட்டது என்றும், நின்ற இடம் வரைக்கும் பார்த்ததில் மகள் சிகுசா கயிற்றின் நடுவில் நிற்கிறாள், பிறகு வானம் தெரிகிறது, பிறகு ஓர் அலறல், அவ்வளவுதான் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த அலறல் அண்ணியுடையது. பிள்ளைகள் யாரும் அலறவில்லை. கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் ஒழுங்காக வந்து சேருகிறது என்பதால் மீதியை எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுப் பதறுங்கள்.

பிள்ளைகளை அடுத்த படைக்கு ஏற்றும் மேலேற்ற நாள் நடக்கும் விதம் உங்கள் காலத்தில் இருந்ததிலிருந்து துளியும் மாறவில்லை. கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால், அதன் மேல் மூன்று கயிற்றுப் பாலம், காலுக்கு ஒன்று, கைக்கு இரண்டு. இந்தக் கரையில் நான் துணைக்கு இருக்கும் எங்கள் குருளையர் படை, அந்தக் கரையில் சாரணர் படை. சாரணராகப் போகிற பிள்ளையின் பழைய ஸ்கார்ஃபை இங்கே கழற்றிவிடுவோம், கயிற்றைத் தாண்டினால் அங்கே புதியதைக் கட்டுவார்கள், நடுவில் கழுத்து காலி. அது முடிந்த பிறகு, குருளையருக்கும் இளைய பீவர் படைப் பொடிசுகள் எங்கள் கைகளால் அமைத்த வளைவுக்குள் குனிந்து வந்து குருளையர் ஆவார்கள். இந்த வருடம் சாரணராக ஏறுவது சிகுசா ஒருத்திதான், குருளையராக ஏறுவது அவள் தம்பி சோஜியும் இன்னும் இரண்டு பேரும். போன வாரப் புயல் தண்ணீர் வாய்க்காலில் இன்னும் வடியவில்லை. விழாவைத் தள்ளிப்போடலாம் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது, ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் விழா நடந்தது.

சோஜி விஷயத்திலும் இதேதான். பீவரில் சேர்ந்த நாளிலிருந்து அவன் மீன்கடைக்காரரிடமும் பல் மருத்துவரிடமும், “நான் ஏறினதும் அக்கா குழுவுல சேந்துடுவேன், அக்காதான் அங்க தலைவி” என்று சொல்லி வந்திருக்கிறான். குருளையர் படையில் இருப்பது மூன்றே வருடம், அவளோ மூன்று வயது மூத்தவள் என்பதால் அவன் உள்ளே நுழைகிற அதே நாளில் அவள் வெளியே போயாகவேண்டும் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அண்ணி நினைத்திருக்கிறாள், அண்ணி சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்திருக்கிறேன், நாங்கள் இருவரும் சொல்லியிருப்போம் என்று சிகுசா நினைத்திருக்கிறாள்.

எங்கள் தலைவர் நாகாஓ சாரை உங்களுக்குத் தெரியும், சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவர் சிகுசாவின் ஸ்கார்ஃபைக் கழற்றி, மடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கயிற்றில் ஏற்றிவிட்டார். பீவர்களோடு நின்ற சோஜி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“அத்தை, அக்கா எங்க போறா?”

“மேல ஏறிட்டாடா.”

நம் பேச்சில் மேலே ஏறுவதற்கும், சுகோரோகு என்ற தாய ஆட்டத்தில் காய் பழமாகிப் பலகையை விட்டு வெளியேறுவதற்கும், மேடையில் நின்று நடுங்குவதற்கும் ‘அகாரு’ என்று ஒரே சொல்லை வைத்தவர்கள், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கோடை விடுமுறை முழுக்க சுகோரோகு ஆடியவன் அவன்.

“பழமாயிட்டாளா? அப்ப ஆட்டத்துல இல்லையா?” என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், “அப்ப நான் வரல. நான் பீவராவே இருக்கேன்” என்று இரண்டு கரைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் சிகுசா நின்றாள். சரியாக நடுவில். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டு கையும் கயிற்றில். கீழே தண்ணீர் தேநீர் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. முதலில் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தோம். பிறகு யாரும் எதுவும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சிகுசா, பயமா இருக்கா?” என்றார் நாகாஓ சார். இல்லை என்று தலையாட்டினாள்.

“திரும்பி வந்துடறியா?” அதற்கும் தலையாட்டினாள்.

“அப்ப போகலாமே.” கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முகம் சிவந்துகொண்டே போனது. தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டாள், அவனை விட்டுவிட்டு ஓர் அடி எடுத்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. எங்கேயும் சேராதவளாக, வெறும் கழுத்தோடு, அந்தப் பிள்ளை எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றதைப் பார்த்தபோது, வளர்வது என்பதே இப்படி ஒரு கயிற்றில் நிற்பதுதானோ என்றெல்லாம் யோசித்தேன். யோசித்த நேரத்தில் போய்ப் பிடித்திருக்கலாம், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த முறை என்ன என்பதுதான் பிரச்சினை. நாகாஓ சார் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சாரணர் தலைவர் குரிஹாரா சாரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

“சார், கொஞ்சம் நீங்க கூப்பிட்டுப் பாருங்களேன். ஸ்கார்ஃப் கழட்டியாச்சு. இனிமே நான் ஏதாவது சொன்னா உங்க பிள்ளைக்கு நான் சொன்ன மாதிரி ஆயிடும்.”

குரிஹாரா சார் அவரைவிடத் தாழக் குனிந்தார். “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். நான் இன்னும் கட்டலையே. கட்டாத பிள்ளைய நான் எப்படி அதட்டறது?”

“அதட்ட வேணாம் சார். சும்மா ‘வா’ன்னு.”

“அந்த ‘வா’வ நீங்களே சொல்லிட்டீங்கன்னா எனக்கும் ஒரு தைரியம் வரும்.”

“நான் சொன்னா அது ‘வா’ இல்லையே சார், ‘போ’ல்ல. வளத்த பிள்ளையப் போன்னு எப்படிச் சொல்றது?”

சிகுசா இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பினாள். கயிறு ஆடத் தொடங்கியது. அண்ணியோ கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அப்படியே நில்லு கண்ணு, அப்பாவுக்கு அனுப்பணும், கொஞ்சம் சிரி” என்கிறாள். கடைசியில் குரிஹாரா சாருக்கு ஒரு யோசனை வந்தது. நீண்ட கழியின் நுனியில் புது ஸ்கார்ஃபை மாட்டி நடுவரைக்கும் நீட்டி, அங்கேயே உறுதிமொழி எடுக்கவைத்துவிட்டால் பிள்ளை தன் பொறுப்புக்கு வந்துவிடும், அதற்கு மேல் கூப்பிடத் தடையில்லை என்றார். உறுதிமொழிக்கு மூன்று விரல் உயர்த்த வேண்டும், அதற்குக் கயிற்றிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் அப்படியே செய்கிற பிள்ளை நம் சிகுசா. வலது கையை எடுத்தாள்.

விழுந்தாள் அண்ணா. வானமும் அலறலும் அதுதான்.

தண்ணீர் அவளுக்கு இடுப்பளவு. எழுந்து நின்றுவிட்டாள், ஒரு காலில் காலணி இல்லை. இந்தக் கரையிலிருந்து நாகாஓ சாரும் அந்தக் கரையிலிருந்து குரிஹாரா சாரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள், எதிரே இருப்பவர் கையும் நீண்டிருப்பதைப் பார்த்ததும் இருவருமே மரியாதைக்காகக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் என் பக்கத்துப் புல் காலியாக இருந்தது. சோஜி குதித்துவிட்டான்.

அவனுக்கு அது நெஞ்சுக்கு மேல். கால் ஊன்றவில்லை. மஞ்சள் தொப்பி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். நான் கரையோடு ஓடினேன். எத்தனை அடி ஓடினேன், என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. சிகுசா கத்தவில்லை. ஒற்றைக் காலணியோடு தண்ணீரை உதைத்து நடந்து, கையை வீசி, அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். பிடித்து, மார்போடு அணைத்துத் திருப்பி நிறுத்தினாள். அவன் இருமி, தண்ணீரைத் துப்பி, முதலில் கேட்டது இதுதான்:

“நீ பழமாகலையா?”

“இல்லடா லூசு. அந்தக் கரைக்குத்தான் போறேன். அங்கதான் இருப்பேன். நீ பெரியவனானதும் அங்கதான் வரணும். யாராவது முன்னாடி போய் நிக்கணும்ல?”

“நிப்பியா?”

“நிப்பேன். மூக்கச் சிந்து.”

அவளுக்கு அருகில் இருந்தது சாரணர் கரைதான். இருவருமாக அங்கே ஏறியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை எதிர்த்து எங்கள் கரைக்கு வந்தாள். நாகாஓ சாரும் நானும் குனிந்து கைகளை நீட்டினோம், அவன் எங்கள் இருவர் கைக்கும் நடுவில் மேலே வந்தான். அதையே வளைவாக வைத்துக்கொள்ளலாம் என்று நாகாஓ சார் அங்கேயே முடிவு செய்து, சொட்டச் சொட்ட நின்றவனுக்குக் குருளையர் ஸ்கார்ஃபைக் கட்டினார். தண்ணீரிலிருந்தபடியே சிகுசா அதைப் பார்த்தாள். எங்களில் ஒருவர் கையையும் பிடிக்காமல் திரும்பினாள். கயிற்றுக்குக் கீழே, கயிறு போகும் வழியிலேயே நடந்து, அந்தக் கரையில் தானாக ஏறினாள். குரிஹாரா சார் சேற்றில் முழங்காலிட்டு ஸ்கார்ஃபைக் கட்டினார். உயர்த்திய மூன்று விரலும் எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தன. பல் தந்தியடித்தாலும் உறுதிமொழியில் ஒரு சொல் தப்பவில்லை.

மறுநாள் இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது, காய்ச்சல் இல்லை. அண்ணி என்னோடும் நாகாஓ சாரோடும் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேரிக்காய் கொடுத்தனுப்பினாள். ஒரு பிள்ளை தன் தம்பிக்காகக் கயிற்றின் நடுவில் அப்படி நின்றதை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். இதை உங்களுக்கு எழுதக் கிடைத்ததே எனக்குப் பெருமை.

எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள், குளிர்ந்ததைக் குடிக்காதீர்கள். கடல் உங்களிடம் சாந்தமாக நடந்துகொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் தங்கை,
ஃபுமினோ

பி.கு.: மேலே இருப்பதை அனுப்பும் முன் சிகுசாவிடம் படித்துக்காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “அத்தை, என் ஷூ லேஸ் கால் கயித்துல மாட்டிக்கிச்சு” என்றாள். “ரெண்டு கையும் கயித்துல இருந்துச்சு, குனிய முடியல. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. சாரணியா ஆகப்போறவ லேஸ் கட்டத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.” தம்பி சொன்னது காதிலேயே விழவில்லையாம், தண்ணீர்ச் சத்தமாம். கடிதத்தைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, அப்பாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லலாம் என்றாள். அக்கா தனக்காகத்தான் நின்றாள் என்று சோஜி இப்போது மீன்கடைக்காரரிடமும் பல் மருத்துவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் நீங்கள் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.