ரோட்டில் கிடந்த கொள்ளு

அன்பு மைத்துனர் செழியனுக்கு, குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து உன் மச்சான் காத்தமுத்து எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா மாயக்காளும், இரண்டு எருமைகளும் சுகம். திண்டுக்கல்லில் நீயும், கோபித்துக்கொண்டு உன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மகள் அறிவுச்செல்வியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் போட்டால் அவள் எடுப்பதில்லை. அவள் பேச்சைக் கேட்டு நீயும் எடுப்பதில்லை. அதனால்தான் கடுதாசி.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்து நியாயத்தையும் கேள். சுகாதாரத் தன்னார்வலராக வீடு வீடாகப் போய், குளியலறையில் வழுக்கி விழாமல் இருப்பது எப்படி, வண்டிச் சக்கரத்தில் சேலை சிக்காமல் உட்காருவது எப்படி என்று ஊருக்கே சொல்கிற பிள்ளை. போன செவ்வாய்க்கிழமை விபத்துத் தடுப்புக் கூட்டம் வைத்தாள். எங்கே வைத்தாள்? தானியம் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில். அங்கே என் கொள்ளு கிடந்தது. "யப்பா, நாளைக்கு நாற்காலி போடணும், அம்புட்டையும் அள்ளிருங்க" என்றாள். அள்ளினேன். அள்ளியதை மடியிலா கட்டிக்கொள்ள முடியும்? களத்தை ஒட்டின தார்ரோட்டில் செடியோடு பரப்பினேன். மினிபஸ் நாலு தடவை ஏறி இறங்கினால் காய் உடைந்து கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். நம் பக்கத்தில் யார்தான் செய்யவில்லை?

கூட்டத்தில் பேச வந்த சுகாதார ஆய்வாளர் பிராங்கிளின் சார் ஹெல்மெட் மாட்டி ஒழுங்காகத்தான் வந்தார். கொள்ளில் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார், தூக்க ஓடிய முட்டை வியாபாரி பீர் முகமது அவர் மேலேயே விழுந்தார், பேனர் பிடித்திருந்த கருப்பம்மாள் பேனரை விடாமலே விழுந்துச்சு, நான், "ஏலே, ஓரமா விழுங்கப்பா, கொள்ளு சிதறுது" என்று கத்தினேன். அதைக் கத்தியிருக்க வேண்டாம்தான். சார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு போட்டது?" என்றார். ஊரே வானத்தைப் பார்த்தது. பெத்த மகள் ஒருத்திதான், "எங்க அப்பா போட்டது சார், எழுதிக்கங்க" என்று என் பேரை இனிஷியலோடு சொன்னாள். அவருக்குக் கட்டுப் போட்டு முடித்தாள். "இனி எந்த மொகத்த வெச்சுக்கிட்டு நான் ஊருக்குச் சொல்லுவேன்?" என்று என்னைக் கேட்டாள். பஸ் ஏறிவிட்டாள்.

எனக்குக் கோபம் இல்லை மாப்ள. அவ சொன்னது உண்மைதானே. ஆனா ஏழு நாளாச்சு, வீடு வெறிச்சுன்னு கெடக்கு, எனக்குச் சோறு எறங்கல. பிராங்கிளின் சார் வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். ரெண்டு படி கொள்ளு கொண்டுபோனேன். கொள்ளுன்னதும் உள்ள போயிட்டாரு. இனிமே ரோட்டுல ஒரு மணி தானியம் போட மாட்டேன், கருப்பசாமி மேல சத்தியம். இதை அவளுக்கு வாசிச்சுக் காட்டி, ஞாயித்துக்கெழம கையோட கூட்டிட்டு வா.

உன் வீட்டு அடுப்பு அணையாமல், பிள்ளைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
மச்சான் காத்தமுத்து

பி.கு.: இதை மட்டும் அவளுக்கு வாசிக்காதே. வண்டியில் வந்தால் நம்ம ரோட்டில் வராமல் ஓடைப் பக்கமாகச் சுற்றி வா. ரோட்டில் துவரை காயுது. திங்கக்கெழம அள்ளிருவேன். ஏன் சுத்துறோம்னு கேட்டா பாலத்துல வேலை நடக்குதுன்னு சொல்லு. அவ விழுந்து வெச்சா என் உசுரு தாங்காது.