ஒரே நிமிஷம், மேடம்

“எந்த ஹோட்டல் மேடம்?” என்று ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸின் ஓட்டுநர் கேட்டபோதுதான், தான் தங்கியிருக்கும் ஹோட்டலின் பெயர் தனக்குத் தெரியாது என்பதே பெரியக்காவுக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷமாக விமானப் பணிப்பெண். பெரியக்கா என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். நேரில் மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் சொல்வார்கள். நாற்பது நாடுகளில் இறங்கியிருக்கிறாள். பார்த்ததென்னவோ நாற்பது கட்டில்களைத்தான். விமான நிலையத்தில் வேன் ஏற்றிக்கொள்ளும், ஹோட்டலில் இறக்கிவிடும், மறுநாள் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஹோட்டல் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது வேன்காரன் பாடு என்று இருந்துவிட்டாள்.

இன்றைக்கு வெளியே கிளம்பியதே வீம்புக்குத்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான சின்னவள் ஒருத்தி, காலைச் சாப்பாட்டின்போது இந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்று கேட்டுத் தொலைத்தாள். அக்காவும் மணிக்கூண்டு, ஏரி, மியூசியம் என்று பிறந்து வளர்ந்த ஊர் மாதிரி அளந்துவிட்டாள். சின்னவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இங்க ஏரியே இல்லையேக்கா” என்றாள். மேஜையில் இருந்த எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரொட்டியைப் பார்த்தார்கள்.

நாலு படம் எடுத்துவந்து அவள் மூஞ்சியில் காட்டுகிறேன் என்று அக்கா புறப்பட்டாள். யாரிடமோ போனில் பேசிக்கொண்டே பஸ் ஏறினாள், கடைத்தெருவில் இறங்கினாள். நாலு படம் நாற்பது படமாயிற்று. நாற்பதிலும் ஊர் ஒரு ஓரமாகத்தான் தெரிந்தது, மீதியெல்லாம் அக்காவின் கன்னம். நாற்பத்தோராவது படத்தில் போன் உயிரை விட்டது. கையில் மிச்சமிருந்தது அறைக் கதவைத் திறக்கும் அட்டை மட்டும். அதில் ஹோட்டல் பெயர் இல்லை, ஒரு இலைப் படம்தான் இருந்தது.

நாலு மணிக்கு வேன். அதை விட்டால் சாதாரண நஷ்டமில்லை. அடுத்த மாதம் பயிற்சிப் பள்ளிக்கு அவள்தான் தலைவி. மேலிடத்துக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாக வந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறாள். மூன்றாவது கடிதம் வந்தால், அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த அந்தக் கோணவாய்க்காரி அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அதற்கு அக்கா உயிரையே விடலாம்.

பள்ளியில் அவள் நடத்தப்போகும் பாடமும் ஒன்றே ஒன்றுதான். பயணி எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. பல்லைக் காட்டி, ‘இதோ, ஒரே நிமிஷம்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவேண்டும். இறங்குவதற்குள் அவனே மறந்துவிடுவான். நேற்று வந்த விமானத்தில்கூடப் பதினாலு ஏ போர்வை கேட்டது, முப்பத்திரண்டு சி மாத்திரை போடத் தண்ணீர் கேட்டது, நாற்பது எஃப் காது அடைக்கிறது என்று அழுதது. மூன்றுக்கும் அதே ஒரு நிமிஷம்தான். முகத்தைப் பார்த்தால் பாவமாகிவிடும் என்று ஆட்களைச் சீட்டு நம்பராகவே பார்த்துப் பழகியிருந்தாள்.

“உயரமான கட்டடம்ப்பா. கண்ணாடிக் கதவு. வாசல்ல பெரிய பூந்தொட்டி இருக்கும்” என்று ஓட்டுநரிடம் அடையாளம் சொன்னாள். அப்படியில்லாத ஹோட்டல் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உறைக்கவில்லை. காலையில் ஏற்றிவந்ததும் இதே பஸ்தானே, எங்கே ஏறினேன் என்று நினைவிருக்கிறதா என்றும் கேட்டாள்.

ஓட்டுநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தினம் நூறு பேர் ஏறி இறங்குறாங்க. முகமெல்லாம் எங்க மேடம் ஞாபகம் இருக்கு?”

அக்காவுக்கு அது ரொம்ப நியாயமாகவே பட்டது.

“ஆனா கவலைப்படாதீங்க. இதோ, ஒரே நிமிஷம். வந்ததும் நானே சொல்றேன்” என்று முகமெல்லாம் சிரித்தார். தொழில் தெரிந்த ஆள் என்று நிம்மதியாக உட்கார்ந்தாள்.

பஸ் ஊரைச் சுற்றியது. அந்தப் பாதையில் ஓடுவது அந்த ஒரே பஸ்தான்; ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். வழியில் ஓரிடத்தில், “எல்லாரும் இடது பக்கம் பாருங்க, நீரூற்று” என்று மைக்கில் சொன்னார். அக்கா இடது பக்கம் பார்த்தாள். சுற்று முடிந்து மறுபடி கடைத்தெரு வந்தது. கேட்டதற்கு, இதோ வந்துவிடும் என்றார். இரண்டாவது சுற்றிலும் நீரூற்று வந்தது, ஹோட்டல் வரவில்லை.

பொறுமை போய், கண்ணில் பட்ட முதல் பூந்தொட்டி முன்னால் இறங்கி உள்ளே புகுந்தாள். அறுநூற்றுப் பதினாலுதான் தன் அறை என்று ஞாபகம். அது போன வாரத்து ஊரின் அறையாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தது, அதை அடக்கிவிட்டாள். அட்டைக்குக் கதவு அசையவில்லை. தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியை அதட்டி உருட்டிக் கதவைத் திறக்க வைத்தாள். உள்ளே ஒரு பெரியவர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, துண்டோடு மட்டும் நின்று அலறினார்.

மானேஜர் வந்தார். அட்டையைப் புரட்டிப் பார்த்து, இது எந்த ஹோட்டலில் திருடியது என்று விசாரித்தார். விசாரணை முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு போன் பேச மட்டும் அனுமதி கிடைத்தது. அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அலுவலக நம்பர் ஒன்றுதான். தன் பெயரைச் சொன்னால் மூன்றாவது கடிதம் நிச்சயம். அதனால் மூக்கால் பேசி, தான் மூன்று மாதம் முன் சேர்ந்த பெண் என்றும், ஹோட்டல் பெயர் மறந்துவிட்டது என்றும் குழைந்தாள்.

“அப்படியா? அந்தப் பொண்ணு இப்ப இன்னொரு லைன்ல இருக்காங்களே. பெரியக்காவைக் காணோம்னு அழறாங்க. நீங்க யாரு?” என்றார் அலுவலகத்துக்காரர்.

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் பஸ் மறுபடி வந்தது. இந்தத் தடவை அதிகாரமெல்லாம் போய்க் கெஞ்சினாள். ஓட்டுநர் அதே சிரிப்போடு, ஒரே நிமிஷம் என்றார். நீரூற்று மூன்றாவது முறை வந்து போனது. அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“வண்டி ஓடறப்ப எழுந்திருக்கக் கூடாது மேடம். சீட்ல உட்காருங்க.”

உட்கார்ந்தாள். அழுகை வந்தது. கோணவாய்க்காரி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு சுற்றும் சுற்றி, நாலு அடித்து இரண்டு நிமிஷம் ஆனபோது பஸ் நின்றது. “உங்க ஹோட்டல் வந்தாச்சு மேடம்” என்று ஓட்டுநரே இறங்கி வந்து கதவருகே நின்றார்.

அக்கா முதல்தடவையாக வலது பக்கம் பார்த்தாள். கண்ணாடிக் கதவு. பூந்தொட்டி. வாசலில் பஸ் நிறுத்தம், காலையில் ஏறிய அதே நிறுத்தம். எதிர்ப்பக்கம் நீரூற்று ஜோராகப் பொங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் அவர்களுடைய வேன் திரும்பியது. பின் கண்ணாடி வழியாகச் சின்னவள் பதறிப்போய்க் கையை ஆட்டினாள். வேன் நிற்கவில்லை.

“இந்த வழியா மூணு தடவை போனோமேய்யா! தெரிஞ்சுக்கிட்டேதானே சொல்லாம இருந்தே? நான் உனக்கு என்னய்யா செஞ்சேன்?”

கேட்டுக்கொண்டே அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்கேயும் பார்த்த நினைவே இல்லை.

ஓட்டுநர் சிரிப்பு மாறாமல் சொன்னார்.

“முப்பத்திரண்டு சி, மேடம். தண்ணி இன்னும் வரலை.”