‘ஹரி, ஹரி’ என்று நான் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

பாவித்த கார் வாங்கப் போகிறவன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்பார்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, என்ன விலை சொல்கிறார்கள். நான் மூன்றையும் பார்த்தேன். ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் மட்டக்களப்புக்கு அதுவரை வந்த கார்களிலேயே மோசமான காரைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் இத்தனை வருடத்தில் நாலு பேரிடம் திட்டித் தீர்த்து மனம் ஆறியிருப்பேன்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. சுனாமிக்குப் பிறகு ஊரில் முளைத்த நிவாரண அலுவலகம் ஒன்றில் வேலை, சம்பளம் பரவாயில்லை. ஆனால் அதுவரைக்கும் என் வாழ்க்கையில் வேகம் என்ற ஒன்று இருந்ததே கிடையாது. நாவற்குடாவிலிருந்து நகரத்துக்குப் போவதற்குள் எத்தனை சோதனைச் சாவடி! இறங்கு, தள்ளு, ஏறு, மறுபடி இறங்கு. சைக்கிளைத் தள்ளித் தள்ளியே என் இளமையின் பாதி போய்விட்டது. இனி ஒருவரும் மறிக்க மாட்டார்கள் என்றதும் எனக்கு வந்த முதல் ஆசை ஒரு ஸ்போர்ட்ஸ் கார். (வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். காது கேட்டால்தானே.)

இரண்டாவது காரணம் செரில். அவளுடைய அப்பா மொரிஸ் அங்கிள் ஐரோப்பிய வழி வந்த பறங்கியர், பேர்போன மெக்கானிக். டச்சுபார் கடற்கரையில் இருந்த வீட்டையும் மனைவியையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மகளோடு நகரத்துக்குள் வந்து சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை.

“எனக்கு மிஞ்சினது இவ ஒராள்தான் மனே,” என்றார். “ஒரு சாமானைப் பாத்து எடுக்கத் தெரியாதவன்ட கையில எப்பிடிக் குடுக்கிற?”

கார் வாங்கப் போகிறேன் என்று நான் வாய் தவறிச் சொன்னதும், “அப்ப என்னையும் கூட்டிப் போ,” என்றார். நான் கூட்டிப் போகவில்லை. நானே தனியாகப் பார்த்து எடுத்த காரை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், மனிதர் அசந்துபோய் அந்த இடத்திலேயே மகளைத் தந்துவிடுவார் என்பது என் திட்டம். திட்டம் போடுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

பத்திரிகை விளம்பரத்தில் கண்ட கார், கொழும்புக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நின்றது. ஜப்பான் கார். சிவப்பு. இரண்டே கதவு. உரிமையாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள ஆசிரியர். என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் காரைக் காட்டினார்.

நான் கொப்பியை எடுத்தேன். மீற்றரில் 31,240 கிலோமீற்றர். இது ஓடின காரா, ஓடப்போகிற காரா என்று எனக்கே சந்தேகம். அடுத்தது நிலை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வாகனம் பார்ப்பதென்றால் ஒரே ஒரு சோதனைதான்: துப்பாக்கிச் சூட்டு ஓட்டைகளை அடைத்து மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்களா? பொனற்றைத் தட்டினேன். கதவுகளைத் தட்டினேன். கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. உள்ளே இலேசான உப்பு மணம் வந்தது. கடற்கரை ஊர்தானே, எங்கள் வீட்டு அலுமாரியும் அப்படித்தான் மணக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்த மனிதர் பேசத் தொடங்கினார். சிங்களத்தில்.

எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் சோதனைச் சாவடிகளில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது சிங்களத்தில் பேசினால், விளங்குதோ இல்லையோ, தலை தானாக ஆடும். வாய் ‘ஹரி, ஹரி’ என்று சொல்லும். சரி, சரி என்று அர்த்தம். விளங்கவில்லை என்றால் ஒதுங்கி நில் என்பார்கள். ஹரி என்றால் போ என்பார்கள். வருடக்கணக்காக அப்படியே போய்வந்து உயிர் தப்பியவன் நான்.

அவர் கடல் பக்கம் கையைக் காட்டினார். கடற்கரை வீதியில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஹரி. கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். வேகம் அவ்வளவு ஏறுமாம் என்று விளங்கிக்கொண்டேன். ஹரி, ஹரி. இரண்டு கைகளையும் உருட்டி உருட்டிக் காட்டினார். எஞ்சின் சுற்றுகிற அழகைச் சொல்கிறார். ஹரி மாத்தயா, சரி ஐயா. கடைசியில் பொனற்றில் கையை வைத்தபடி பேச்சை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. பாவம், காரைப் பிரிய மனம் இல்லை என்று எனக்கும் நெஞ்சு இளகி, அவர் தோளில் கை வைத்து, மெதுவாக இன்னும் நாலு ‘ஹரி’ சொன்னேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு விலையைச் சொன்னார். சந்தை விலையில் பாதிகூட இல்லை. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் வெள்ளனவே மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். பொலநறுவைக்குக் கிட்ட கண்ணாடிகள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின, பிறகு ஏறவில்லை. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. வாழைச்சேனை தாண்டியதும் இடது பக்க சிக்னலைப் போட்டேன், ஹோர்ன் அடித்தது. இடது பக்கமே திரும்பாமல் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர முடியுமா என்று ஏறாவூர் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். முடியாது. அங்கிளின் கராஜுக்குத் திரும்புகிற சின்ன ஒழுங்கை இடது பக்கம்.

நான் சிக்னலைப் போட்டு ஒழுங்கைக்குள் கிறுகியதும் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. சிக்னலை நிறுத்தியும் அது நிற்கவில்லை. கதவு திறக்கவில்லை. ஒழுங்கை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஜன்னலால் தலையையும் ஒரு கையையும் நீட்டி நான் மாட்டிக்கொண்டு கிடக்க, செரில் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் மறுபக்கமுமாக என்னை இழுத்து வெளியே எடுத்தார்கள். அங்கிள் வந்து, பொனற்றைத் திறந்து, பற்றறி வயரைக் கழற்றினார். சத்தம் நின்றது. அந்த அமைதியில் நான் சொன்ன முதல் வார்த்தை, “முப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு அங்கிள்.”

அவர் மீற்றரை எட்டிப் பார்த்தார். “நீ அங்க பாக்கக்குள்ள எவ்வளவு காட்டின?”

கொப்பியைப் பிரித்துக் காட்டினேன். 31,240. மீற்றரிலும் 31,240. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ஓடிவந்தும் ஒரு இலக்கம் அசையவில்லை.

அங்கிள் குனிந்து, கால் வைக்கிற இடத்தில் கம்பளத்தைக் கிழித்துத் தூக்கினார். கீழே தகரம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. மூலையில் ஒரு பிடி கடல் மணல். அதற்குள் இரண்டு மூன்று குட்டிச் சிப்பிகள். அவர் அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. உலகத்தில் எந்த மனிதனின் வாசலுக்கு அந்தக் காரைக் கொண்டுவரக் கூடாதோ, அதே வாசலில் நிறுத்தியிருந்தேன்.

“அவன்ட நம்பரைத் தா,” என்றார். முகம் சிவந்திருந்தது.

அங்கிளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. முதல் இரண்டு நிமிடம் கத்தினார். பிறகு குரல் தணிந்தது. பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ரயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். கடைசியில் அவரும் ஏதோ சொல்லத் தொடங்கினார், நடுவில் செரிலின் அம்மா பெயர் கேட்டது. செரில் உள்ளே போய்விட்டாள். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் போனை வைத்தார்.

“அந்த மனிசன் உன்னிட்ட ஒண்டையும் ஒளிக்கல்ல,” என்றார். “அது தம்பிக்காரன்ட கார். கடல் வரக்குள்ள அவன் அதுக்குள்ளதான் இருந்த. தலைக்கு மேல தண்ணி, உருட்டிக்கொண்டு போய்த் தென்னந்தோட்டத்துக்க போட்டிரிக்கி. எல்லாத்தையும் சொல்லித்தான் வித்தவராம். வேணாமெண்டா திருப்பி எடுக்கிறாராம்.”

நான் கொப்பியை மூடினேன்.

“இன்னொண்டும் சொன்னார். முன்ன வந்தவங்கள் எல்லாம் கதையைக் கேட்டதும் பாதியில எழும்பிப் போயிட்டாங்களாம். உங்கட பொடியன் மட்டும்தான் கடைசி மட்டும் நிண்டு கேட்டு, தோளில கை வெச்சவன் எண்டு அழுறார்.”

அந்தப் பெருமையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. “அங்கிள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல,” என்றேன். “நான் சும்மா தலையாட்டினன்.”

“தெரியும் மனே. அதை நான் அவருக்குச் சொல்லல்ல.”

காரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றேன். அந்த மனிதரின் வாசலில் அதை மறுபடி கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கிள் வீட்டுப் பக்கம் திரும்பி, “செரில், இவனுக்குத் தேத்தண்ணி போடு,” என்றார். “சாமான் பாத்து எடுக்க இவனுக்குச் சுத்தமாத் தெரியா. ஆனா பொய் சொல்லவும் தெரியாது போல.” அதுதான் சம்மதம் என்று எனக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது.

காரை அங்கிள் ஏழு மாதம் கழற்றினார், மூன்று மாதம் பூட்டினார். மிச்சமாக ஒரு வாளி நிறைய நட்டும் போல்ட்டும் கிடந்தன. அது அதற்குப் பிறகு ஓடவே இல்லை. அந்த ஆசிரியரோ எங்கள் கல்யாணத்துக்கு பஸ்ஸில் வந்திறங்கி, தேவாலயத்தில் அங்கிளுக்குப் பக்கத்தில் முன்வரிசை வாங்கிலில் இருந்தார்.

பாதர் என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். நான் தலையை வேகமாக ஆட்டி, “சம்மதம், சம்மதம்,” என்றேன்.

கோயில் முழுக்கக் கேட்கும்படி முன் வாங்கிலிலிருந்து அங்கிள் கேட்டார்: “விளங்கித்தானே மனே சொல்ற?”

பாதருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எதற்காவது நான் ஓம் என்று தலையாட்டினால், பிள்ளைகள் இரண்டும் அந்தக் கேள்வியைக் கேட்டு என் மானத்தை வாங்கும். அங்கிள் போய் நாலு வருடம் ஆகிறது. கல்யாண வீடியோவில் அந்த நேரம் கமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்ததால் அவர் முகம் விழவில்லை, குரல் மட்டும்தான் இருக்கிறது. அந்த இடம் வரும்போது செரில் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.