சுடுதண்ணித் தொட்டிப் பெரும்போர்

விண்ணளாவும் பாலங்களைத் தாளிலே வரைந்து தரையிலே நிறுத்தும் வித்தகன், யாழ்ப்பாணம் ஈன்றளித்த பொறியியல் சிங்கம், இரயில் பாதை களைத்துப்போய் நின்றுவிடும் கிளென் வேவர்லிக்கு அணியாய் வாய்த்த அஞ்சாநெஞ்சன், கம்பளிக் காலுறைமேல் மற்றுமொரு கம்பளிக் காலுறை பூண்ட திருவடியினன், நித்தியானந்தன் என்னும் நெடும்புகழோன் வாழ்க! அவன் பொருத வெம்போரைப் பாடப் புகுந்த எமக்கு, நாமகளே, நீ வந்து நாவில் அமர்வாயாக. மெல்பேர்னில் இது ஆகஸ்ட் மாதமாகையால் ஒரு சால்வையும் கொண்டு வருவாயாக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டில் அவன் கத்தரி விதை போட்டான்.

இப்போருக்கு வித்திட்டவன் மல்கிரேவ்வாசி ஜெயரட்ணம். நண்பன்தான், ஆனால் நாக்கு மட்டும் நண்பனுடையதன்று. இரண்டு வருடமாக நம் நாயகன் தோட்டத்தில் நட்ட கத்தரிகளைப் பூக்கும் தறுவாயில் குளிர் வந்து கொன்றொழித்ததைக் கேள்வியுற்ற அவன், பலர் கூடிய சபையிலே தேநீரும் கையுமாய், "இந்தக் குளிருக்கை கத்தரி சரிவராது, ஐசே. விட்டிடும்," என்று சொல்லிவிட்டான். நித்தியானந்தனின் மீசை துடித்தது, கண் சிவந்தது, வரும் கோடை முடிவதற்குள் என் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பொரித்து இவன் வாயில் வைக்காவிடில் நான் நானல்லேன் என்று உள்ளத்தே சூளுரைத்தான். உரக்கச் சொல்ல முடியாமல் வாயில் பிஸ்கட் இருந்தது.

செய்தித்தாளின் தோட்டப் பக்கம் அவனுக்குப் போர்மறை ஆயிற்று. கத்தரி விதைக்குத் தலைமேல் வெயில் வேண்டாம், காலடியில் சூடு வேண்டும். குளிர்காலத்திலேயே வீட்டுக்குள் முளைக்கவைத்துக்கொண்டால் கோடையில் காய் பறிக்கலாம் என்று அம்மறை ஓதியது. விதைத்தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்விரிப்பின் விலையைக் கேட்டுக் கடைவாசலிலேயே புறங்காட்டிய வீரன், இலவசச் சூடு தேடித் தன் இல்லமெங்கும் திக்விஜயம் புறப்பட்டான். குளிர்ப்பெட்டியின் முதுகைத் தடவினான். தொலைக்காட்சியின் தலையைத் தடவினான். ஈற்றிலே குசினி மூலை அலுமாரிக்குள் இரவும் பகலும் இளஞ்சூடு குன்றாது நிற்கும் சுடுதண்ணித் தொட்டியின் உச்சியில் உள்ளங்கை வைத்து, தாய்மடி கண்ட குழவியெனக் கண்மூடி நின்றான். அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் பெட்டியில் மண் நிரப்பி, பதினெட்டு விதை புதைத்து, பொலித்தீன் பை போர்த்தி அங்கே ஏற்றினான். ஒரு சதமும் செலவில்லை.

அந்தோ, அரியணை ஏற்கெனவே ஆளப்பட்டிருந்தது! அவன் மனைவி இரஞ்சிதம், வைத்தியசாலைத் தாதி, நோயாளர் நடுங்கும் ஊசிக்கரத்தாள், இரண்டு குளிர்காலமாய்த் தோசை மாவை அங்கே வைத்துத்தான் பொங்கவைத்து வந்தாள். தொட்டியின் தலையோ ஒரு பாத்திரம் மட்டுமே தாங்கும். அடுத்த வார ஞாயிறு மதியம் தோசைக்கு வரும்படி அவள் அழைத்திருந்ததோ ஜெயரட்ணம் தம்பதியை. அவர்கள் வருமுன் மா பொங்கவேண்டும் அவளுக்கு. விதை முளைக்கவேண்டும் அவனுக்கு.

எட்டு நாள் மண் அசையவில்லை. வியாழன் மாலை இரஞ்சிதம் ஐஸ்கிரீம் பெட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, முழு உழுந்து ஊறும் கோப்பையைத் தொட்டிமேல் ஏற்றித் தொலைபேசியில் பேசப் போனாள். அதுவே சமயமென்று, முற்றுகையிட்ட கோட்டைக்குள் சுரங்கவழி நுழையும் சேனாபதியெனக் காலுறைகள் ஓசையெழுப்பாது வழுக்க வந்த நித்தியானந்தன், பெட்டியின் பொலித்தீன் பையை விலக்கி முளை உண்டா என்று பார்த்துவிட்டு, கோப்பையை வெடுக்கென இறக்கினான், நீர் தளும்பியது, இருட்டு அலுமாரியில் எது எங்கே சிந்தியது என்று பார்க்க வெற்றிவீரனுக்கு அவகாசம் ஏது? பெட்டியை மீண்டும் அரியணை ஏற்றி, களபலியாக மேலும் ஒரு பிடி மண் தூவி, பையைப் போர்த்திக் கதவைச் சாத்தினான். மனம் துள்ளியது.

வெள்ளி காலை, அரைத்த மாவோடு வந்த இரஞ்சிதம் ஆணையிட்டாள்: ஞாயிறு வரை தொட்டி மாவுக்கே. நாயகன் தலைதாழ்த்தி உடன்பட்டான். அவள் வேலைக்குப் புறப்பட்டு மோட்டார் வண்டி தெருமுனை திரும்பியதும் உடன்படிக்கையைக் கிழித்தான். அன்று சுகமில்லை என்று கந்தோருக்கும் அறிவித்துவிட்டிருந்தான். மாச்சட்டியைக் குளிர்ந்த மேசைக்கு நாடு கடத்தி, அவள் திரும்பும் நேரம் பார்த்து மீட்டுவந்து, இரவில் அவளை உறங்கச் சொல்லிவிட்டு மறுபடி கடத்தி, சனிக்கிழமையும் அவ்வாறே செய்து, ஒருமுறையும் பிடிபடாத தன் சாமர்த்தியத்தைத் தானே வியந்தான். மனச்சாட்சி கொஞ்சம் குத்தியதென்னவோ உண்மை.

ஞாயிறு விடிந்தது. பொலித்தீன் பையை நீக்கினான். ஆகா, மண்ணைப் பிளந்து வெண்டண்டு நிமிர்த்தி நாலு முளைகள் நின்றன! குசினிக்குள் தனியே ஒரு சுற்று ஆடினான். மதியம் ஜெயரட்ணம் சப்பாத்தைக் கழற்று முன்னரே அவனைக் கைப்பிடித்து இழுத்துவந்து, அலுமாரிக் கதவை அகலத் திறந்து முழங்கினான்: "பாரும் ஐசே, கத்தரி. மெல்பேர்ன் குளிருக்கை."

ஜெயரட்ணம் கண்ணாடியை மாட்டினான், குனிந்தான், ஒரு முளையை இரு விரலால் மெல்லப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கினான். அதன் தலையில் கறுப்புத் தோலொன்று தொப்பிபோல் தொங்கியது.

"இது உழுந்தெல்லோ," என்றான்.

அவ்வேளை மூடி திறந்த மாச்சட்டியோடு இரஞ்சிதம் வந்து நின்றாள். இரண்டு நாள் போயும் மா அரைத்துவைத்த அளவிலேயே, ஒரு குமிழியும் இல்லாமல் கிடந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள், முளையைப் பார்த்தாள், வியாழன் முதல் ஞாயிறு வரையான வரலாறு முழுவதையும் கணவன் முகத்திலே வாசித்தாள்.

"உங்கடை பெட்டியிலை உழுந்து நல்லா எழும்பியிருக்கு," என்றாள். "என்ரை சட்டியிலைதான் எழும்பேல்லை."

படைக்கலம் அனைத்தும் இழந்த பெருவீரன், இரு சோடிக் காலுறையையும் நோக்கியவாறு, "நான்தான் இறக்கி வைச்சனான்," என்றான்.

எல்லாரும் வாட்டிய பாண் துண்டும் முட்டையும் சாப்பிட்டார்கள்.