கம்பம் ஆடிய செக்கிங் அக்கா

செக்கிங் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய தையல் ஒன்று திருப்பூரில் இருக்கிறதென்றால், அது இன்னும் தைக்கப்படவில்லை என்று பொருள். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் நான் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தேன். துணியில் குறை கண்டால் அக்கா சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். துணியோடு நிறுத்தினால் பரவாயில்லை. கேன்டீன் தோசையில் ஒட்டினார். சவரம் செய்யாமல் வந்த சூப்பர்வைசரின் கன்னத்திலும் ஒட்டினார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை. மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவில், கோயில் முன்னால் நடும் கம்பத்தைச் சுற்றி ஆட வேண்டும். கம்பம் ஆடுவதில் அவர் அப்பா பெரிய கில்லாடி. மகன் இல்லாததால் அத்தனை அடவையும் மகளுக்கு வீட்டுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் ஆண்கள் மட்டும்தான் ஆடலாம். பெண்கள் காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அக்கா வருஷா வருஷம் கோயில் கமிட்டித் தலைவரிடம் கேட்பார். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் முதலாளிதான்.

“ஆத்தா கோவிச்சுக்குவா அம்மிணி.”

“உங்களுக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னாளுங்களா?”

எல்லாரும் சிரிப்பார்கள். அத்தோடு சரி.

ஒரு வருஷம் நோம்பிக்கு நடுவில் அவசர ஷிப்மென்ட். அக்கா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். தோள் தையல் பிரிந்திருந்தது. நானே பார்த்தேன், பொய்யில்லை. மறுபடி தைக்க டெய்லர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பம் ஆடும் எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கேதான் வேலை. பெண்கள் நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

பொழுது சாய்ந்தது. மேளம் முழங்குகிறது, கம்பத்தடியில் ஆளில்லை! கம்பம் நட்டபின் ஒரு நாள்கூட ஆட்டம் நிற்கக் கூடாது. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். ரெண்டு சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, நாங்க ஆடறமுங்க” என்றார் அக்கா.

“அது வழக்கமில்லியே அம்மிணி.”

“ஆட்டம் நிக்கறது வழக்கமுங்களா?”

முதலாளி துண்டால் விசிறிக்கொண்டார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். அடடா, என்ன ஆட்டம்! பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். எனக்குக் கால் பின்னிக்கொண்டது. அக்கா அழுதுகொண்டே ஆடினார். கை வலிக்கிறதென்று மேளக்காரர்கள் கும்பிடும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் எங்களை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் அக்கா நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தார்.

“கால் வலிக்குதுங்களாக்கா?”

“வலிக்குது கண்ணு. நல்லா வலிக்கட்டும். இந்த வலிக்கு எத்தன வருஷம் காத்துக் கெடந்தேன்!”

அவர் டிபன் பையை வாங்கிக்கொண்டு, அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாகக் கூடவே நடந்தேன்.