வீட்டுக்கு வைத்தியம் பார்த்த கைதட்டி

மதுரையில் எந்த வீட்டையும் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டுமே எடைபோட்ட ஒரே மனிதர் கைதட்டி அண்ணன்தான். அவனியாபுரத்தில் மைக்செட் வாடகைக்கு விடுபவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று பட்டென்று ஒரு தட்டு. தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் எங்கே போய் அடங்குகிறது என்று கேட்பார். அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?"

ஒருமுறை ஒரு துக்க வீட்டிலும் தட்டிவிட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுபோனார்கள். "கூடம் அருமைண்ணே, எதிரொலியே இல்ல. பெரியவரு குடுத்து வச்சவரு" என்று இறந்தவரின் மகனிடம் கைகொடுத்தார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தெருமுனை டீக்கடை வரை தள்ளிக்கொண்டு போனோம். தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதை. "பொண்ணு தங்கம். ஹாலுதான் கூப்பாடு போடுது, யோசிச்சுக்கங்க" என்றாராம். தம்பி யோசிக்கவில்லை, கட்டிக்கொண்டான். அண்ணனைத்தான் தாலி கட்டும்வரை மண்டபத்துக்குள் விடவில்லை.

இப்படிப்பட்டவர் ஆனையூரில் நான் கட்டிய புது வீட்டுக்கு வந்த நாளில், என் அப்பா பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா போனபிறகு திருவாதவூரில் தனியாக இருந்தவரை நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். காதில் மிஷின் உண்டு. ஊரில் ஓரளவு நன்றாகவே கேட்டது. இங்கே என்ன சொன்னாலும் "ம்" என்பார். என் மனைவி கத்திப் பார்த்தாள். கத்தக் கத்த அவர் முகம் சுருங்கியது. "மாமாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று அவள் அடுப்படியில் அழுதாள். அப்பா கடைசியில், "எல்லாரும் கெணத்துக்குள்ள இருந்து பேசுறீங்கப்பா. நான் ஊருக்கே போறேன்" என்றார். ஊரில் அவருக்கு ஒருவாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் வாசலில் பட். சத்தம் ஹாலைச் சுற்றி வந்து சாவகாசமாக அடங்கியது. கைதட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, வீடா கட்டிருக்க? குளியலறையப் பெருசாக் கட்டி சோபா போட்டிருக்க!"

"அண்ணே, டைல்ஸ் எம்புட்டு ஒசத்தி தெரியுமா?"

"அதுதான் வெனை. தரையும் வழுக்கு, சுவரும் வழுக்கு. சத்தம் உக்கார எடமே இல்ல. மொத வார்த்தை சுவத்துல முட்டித் திரும்பி வந்து அடுத்த வார்த்தை மேல விழுகுது. காதுல மிஷினு போட்ட அப்பாவுக்கு எப்படி விளங்கும்? ஐயா, ஒரு நாளு பொறுங்க."

மறுநாள் லோடு ஆட்டோவில் பஞ்சு மெத்தைகளும் ஜமக்காளங்களும் வந்து இறங்கின. வந்த வேகத்தில் கைதட்டி சுவரில் இருந்த கடிகாரங்களையும் சாமி படங்களையும் கழற்ற ஆரம்பித்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அன்பளிப்பு, கொடுத்தவர் வரும்போது சுவரில் இல்லையென்றால் எங்கள் பக்கம் உறவே முறிந்துவிடும். அதிலும் என் மைத்துனர் கொடுத்த கண்ணாடிச் சட்டம் போட்ட மீனாட்சி படம், ஆள் உயரம்.

"எங்கண்ணன் வந்தா என்ன சொல்றது?" என்று பதறினாள் என் மனைவி.

"மீனாட்சி ஊரையே பாத்துக்கிருவா. நீ ஒன் மாமனாரப் பாரும்மா."

சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்கவிட்டு, மேலே ஜமக்காளம் போர்த்தினார். வீடு பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஆனது. உற்சாகத்தில் அழைப்பு மணியையும் சேர்த்து மெத்தைக்குள் புதைத்துவிட்டார். அன்றைக்கென்றே வந்த மைத்துனர், வெயிலில் மணியை அழுத்தி அழுத்தி ஓய்ந்து, பின்வாசல் வழியாக நுழைந்தார்.

"மாப்ள, வாசலையும் தெறக்க மாட்டீங்க, படத்தையும் மாட்ட மாட்டீங்க. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில், அடுப்படியிலிருந்து என் மனைவி, கத்த வேண்டும் என்பதையே மறந்து, தன் சாதாரணக் குரலில் கேட்டாள்: "மாமா, காப்பியா, டீயா?"

"டீ போதும்மா. ஒங்கண்ணனுக்கும் ஒண்ணு குடு, ரொம்ப சூடா இருக்காரு" என்றார் அப்பா.

என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா அவளைப் பார்க்கவில்லை, கைதட்டியைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா எல்லாரும் என் காதத்தான் கொற சொன்னாய்ங்க. நீ ஒருத்தன்தான்யா வீட்டக் கொற சொன்ன."

ஊரையே அதட்டும் கைதட்டி, ஜமக்காளத்தை இல்லாத சுருக்கத்துக்கு நீவிவிட்டுக்கொண்டே நின்றார். அப்பா பையைப் பிரித்து வேட்டிகளை அலமாரியில் அடுக்கினார்.

ஊர் கைதட்டியை இன்னும் கிண்டல் செய்கிறது. நானும் செய்கிறேன். ஆனால் சாயங்காலம் ஹாலில் அப்பாவும் மருமகளும் மெதுவான குரலில் வம்பளப்பது காதில் விழும்போதெல்லாம், அந்தக் கிறுக்கு மனுஷன் நூறு வயசு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.