பெண் பார்க்க வந்தவர் பரணைப் பார்த்த கதை

அன்பும் மரியாதையும் மிக்க அப்புத்தளை மச்சான் அவர்களுக்கு,

பதுளைக் கடைவீதியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ராமநாதன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. அங்கே உங்கள் எல்லோருக்கும் முருகன் துணை. போனில் பேசலாம்தான், பேசினால் உங்கள் தங்கை அன்னலட்சுமி அதைப் பிடுங்கி, நான் சொல்ல வந்ததற்கு நேர்மாறாகச் சொல்லிவிடுவாள்.

விஷயம் நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம்தான். ஸ்பிரிங்வெளிப் பையன் நிரோஷன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, தங்கமான குணம் என்றீர்கள். குணத்தில் குறையில்லை. ஆனால் மச்சான், பெண் பார்க்க வந்த பிள்ளை பெண்ணை அல்லவா பார்க்க வேண்டும்? நம் பிள்ளை பிரஷாந்தினி தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்கிறாள். இவர் கதவுக்கு அப்பால் கடைப் பரணை அண்ணாந்து பார்க்கிறார். "மாமா, அந்த உத்தரம் வளைஞ்சிருக்குங்களே, மேல என்ன பாரம் வச்சிருக்கீங்க?" என்றார். அரிசி, பருப்பு, சீனி. என் அப்பா காலத்திலிருந்தே அது அப்படித்தான் வளைந்திருக்கிறது, என் முதுகும்தான் என்றேன். கேட்டால்தானே? இவர் படிப்பு பைனைட் எலிமென்டாம். அதாவது உத்தரத்தைக் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, மறுபடி ஒட்டிப் பார்ப்பதாம். "ஒட்டித்தானே தம்பி இருந்துச்சு, எதுக்கு வெட்டணும்?" என்று உங்கள் தங்கை கேட்டாள். அவர் விளக்கி முடிப்பதற்குள் வடை ஆறிவிட்டது.

உடனே டேப் கேட்டார். பிரஷாந்தினி ஏணியில் ஏறி உத்தரத்தின் தடிமனை அளந்து படித்துச் சொல்ல, இவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். திரையில் உத்தரம் முழுக்கச் சிவப்பு; தாங்காது என்று அர்த்தமாம். பூனை ஏறினாலே விழுந்துவிடுமாம். எங்கள் பூனை குட்டி போடுவதே அந்தப் பரணில்தான்! ஆனாலும் உயிர்ப்பயம் யாரை விட்டது? எல்லாவற்றையும் இறக்கினோம். இப்போது சீனி கூடத்தில், அரிசி சாமி அறையில், பருப்பு என் கட்டிலில். பக்கத்துக் கடை ஸஹாப்தீன், "என்ன முதலாளி, கடைய மூடுறீங்களா?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். துண்டுகளை இன்னும் சின்னதாக்கினால் விடை மாறுமாம். மாறாமல் நிற்கும்வரை சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டுமாம். அதற்கடுத்த ஞாயிறு, உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் இறுகியிருக்கின்றனவா, சும்மா உட்கார்ந்திருக்கின்றனவா என்று சந்தேகம். ஒவ்வொரு தடவையும் டேப், ஏணி, பிரஷாந்தினி, வடை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "கம்ப்யூட்டர் மாடல் முடியட்டுங்க மாமா, அவசரப்பட்டா பிழையா போயிரும்" என்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்கு ஒரே மகள் மச்சான். ஞாயிறுதோறும் வந்து போகிறவர் நாளைக்கு வேண்டாம் என்றுவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஆகவே இந்தச் சம்பந்தம் சரிவராது என்று அவர்கள் வீட்டில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டு உத்தரமாவது யார் கண்ணிலும் படாமல் நீடூழி நிற்கட்டும்.

இப்படிக்கு,
ராமநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பிரஷாந்தினி பார்த்துவிட்டு அழுதாள். பிறகு விஷயத்தைக் கக்கினாள். நம்மூரில் மரம் என்றால் அங்குலம்தானே. இவள் அங்குலத்தில் படிக்க, அவர் சென்டிமீட்டர் என்று போட்டுக்கொண்டாராம். ஆறங்குல உத்தரம் கம்ப்யூட்டருக்குள் ஆறு சென்டிமீட்டர் சட்டமாகிவிட்டது. "மொத நாள் தெரியாம சொன்னேம்பா. அடுத்த வாரம் தெரிஞ்சேதான் அதையே சொன்னேன். சரியா சொன்னா அவரு வேலை முடிஞ்சு போயிருவாரே?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் நேரே அவருக்கே போன் போட்டேன். அங்குலக் கதையைச் சொன்னேன். "அது எனக்கு மொத வாரமே தெரிஞ்சிருச்சுங்க மாமா. உத்தரம் நல்லாத்தான் இருக்கு. அதச் சொல்லிட்டா, அடுத்த ஞாயிறு என்னத்தச் சொல்லிட்டு வர்றது?" என்றார்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். முகூர்த்தம் எப்போது வேண்டுமானாலும் இருக்கட்டும். மூட்டைகளைத் திரும்பப் பரணில் ஏற்ற மாப்பிள்ளை இந்த ஞாயிறே வந்தாக வேண்டும்.